யாரு கை இது? – வீட்டு ஸ்டூடியோக்களும் தாள மென்பொருள்களும்

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே கடலூரில் வீட்டில் வைத்து ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு வேலை குவிய ஆரம்பித்துவிடும். தெருவுக்கு ஓர் அம்மன். ஒவ்வோர் அம்மனுக்கும் இந்த வருஷத்துக்கென்று ஒரு புதுப் பாட்டு. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை இருக்கிறது. ஒரு கணினி, இரண்டு மைக், ஒரு கீபோர்டு, சுவரில் சாத்திய இலவம்பஞ்சு மெத்தைகள். அவ்வளவுதான் ஸ்டூடியோ. சில வருஷங்களுக்கு முன் அப்படி வந்த ஒரு பாட்டுக்குப் பம்பை வாசிக்கப் புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்தோம். வயது ஐம்பதைத் தாண்டியவர். அவர் வந்து சேருவதற்குள் தாளத்தின் அடித்தளத்தை நான் மென்பொருளில் போட்டு வைத்திருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"நல்லாருக்கு தம்பி. யாரு கை இது?"

"கை இல்லண்ணே. கம்ப்யூட்டரு."

"சரி. கம்ப்யூட்டருக்குள்ள அடிச்சது யாரு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பின் எந்த ட்ரம்ஸ் மென்பொருளைத் திறந்தாலும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இந்த மென்பொருள்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக மூன்றைப் பார்ப்பார்கள்: ஓசை, விலை, கணினியில் பிடிக்கும் இடம். மூன்றும் முக்கியம்தான். ஆனால் கடலூரிலும் சிதம்பரத்திலும் பாட்டுப் போடுகிற எங்களுக்கு நான்காவதாக ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. பதிவான அடி யாருடைய கையிலிருந்து வந்தது, அந்தக் கைக்கு நம் தாளம் தெரியுமா என்பதுதான் அது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவில் ரோஜர் லின் 1980-ல் எல்.எம்.-1 என்ற கருவியைக் கொண்டுவந்தார். உண்மையான ட்ரம்ஸின் ஓசையை எண்முறையில் பதிந்து, பித்தானைத் தட்டினால் அதே ஓசை வரும்படி செய்த முதல் தாளக் கருவி அதுதான். விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். அதே ஆண்டு ரோலண்ட் கம்பெனி வெளியிட்ட டி.ஆர்.-808 வேறு வழியில் போனது. பதிவு செய்த ஓசை அதில் கிடையாது. மின்சுற்றே ஓசையை உண்டாக்கும். அசல் ட்ரம்ஸ் மாதிரி இல்லை என்று அன்று பலர் ஒதுக்கிய அந்தக் கருவியின் 'பூம்' இன்று நம் ஊர் கானாப் பாட்டுகள் வரை வந்துவிட்டது. 1983-ல் மிடி வந்தது. எந்தக் கருவியில் தட்டினாலும் 'எந்த அடி, எவ்வளவு பலம், எந்த நொடி' என்ற செய்தி மட்டும் வேறொரு கருவிக்குப் போய்ச் சேர அது வழிசெய்தது. 1985-ல் ரோலண்டின் ஆக்டோபேட் வந்தது. தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் 'பேட்' என்று ஒரே சொல்லில் அழைக்கிறோமே, அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. திருவிழா மேடையில் தபேலாவுக்கும் டோலக்கிற்கும் கடத்துக்கும் தனித்தனி ஆள் வைத்துக் கட்டுப்படியாகாத குழுக்களுக்கு எட்டுச் சதுரத்தில் எல்லாம் கிடைத்தது. பேட் வாசிக்கிறவர் குழுவின் தூணாகிப் போனார்.

சினிமாவில் கணினியைக் கொண்டு தாளமும் இசையும் கோத்த தொடக்ககாலத் தமிழ்ப்படங்களில் 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' குறிப்பிட வேண்டிய ஒன்று. அதன்பின் 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை அமைத்தார். விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்த அந்தக் கூடத்திலிருந்துதான் 1992-ல் 'ரோஜா' வந்தது. இன்று மஞ்சக்குப்பத்திலோ அண்ணாமலை நகரிலோ வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிற பையனுக்கு அந்தக் கொல்லைப்புறம் ஒரு முன்னோடி. அவருக்குக் கருவிகள் தேவைப்பட்டன. இவனுக்கு ஒரு மடிக்கணினி போதும். மாற்றம் அதுதான்.

அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது 2003 முதல் வந்த மென்பொருள்கள். எஃப்.எக்ஸ்.பான்ஷன் வெளியிட்ட பி.எஃப்.டி. 2003-ல் வந்தது. சுவீடனின் டூன்ட்ராக் கம்பெனி மெஷுகா இசைக்குழுவின் ட்ரம்மர் தோமாஸ் ஹாகேயைக் கூடத்தில் உட்காரவைத்து அடி அடியாகப் பதிந்து தொகுப்புகளாக்கியது. 2006-ல் அதே கம்பெனியின் ஈசிட்ரம்மரும், எக்ஸ்.எல்.என். ஆடியோவின் அடிக்டிவ் ட்ரம்ஸும் வந்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹாகேயின் பெயர் அங்கே விளம்பரத்திலேயே இருந்தது. யார் கை என்று கேட்டால் பதில் உண்டு.

இவை வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பிட முடியாது. ஸ்னேர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அடியைப் பதிந்து வைத்து நூறு முறை திரும்ப ஒலிக்கவிட்டால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். மனிதக் கை இரண்டாவது தடவை அதே இடத்தில், அதே கோணத்தில், அதே பலத்தில் அடிக்காது; காது அதை எதிர்பார்த்தே கேட்கிறது. ஆகவே மெதுவாக, சுமாராக, ஓங்கி, மிக ஓங்கி என்று படிப்படியாகப் பலத்தைக் கூட்டி அடிக்கச் சொல்லிப் பதிகிறார்கள். ஒவ்வொரு படியிலும் அதே அடியைப் பல தடவை வாங்கி, மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறார்கள். மிடியில் பலத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து மென்பொருள் ஏற்ற பதிவை எடுத்துக்கொடுக்கும். கூடவே ஒரே அடியைப் பல மைக்குகள் கேட்கின்றன: தோலுக்கு அருகில் ஒன்று, தலைக்கு மேலே இரண்டு, அறையின் கோடியில் இரண்டு. மிக்ஸ் செய்யும்போது எந்த மைக்கை எவ்வளவு திறப்பது என்பது நம் கையில். பணம் கொடுத்து வாங்குவதற்கும் இலவசமாகக் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான்: எத்தனை படி, எத்தனை மாற்று, எத்தனை மைக்.

இந்த அளவுகோலில் உச்சியில் நிற்பது 2017-ல் வந்த சுப்பீரியர் ட்ரம்மர் 3. பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டூடியோவில் ஜார்ஜ் மாசென்பர்க் பதிந்தது. மூல ஒலித்தொகுப்பு 230 ஜி.பி.க்கு மேல். நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறக்கினால் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். தேவையானதை மட்டும் தேர்ந்து இறக்கிக்கொள்ளவும் வழி உண்டு. சினிமா பின்னணி இசைக்கும் ராக் பாட்டுக்கும் அது தருகிற ஆழம் பெரிது. ஸ்னேருக்கு அடியில் இருக்கும் கம்பியின் அதிர்வு டாம் அடிக்கும்போது லேசாகச் சிலிர்ப்பதுகூடக் கேட்கும். ஆனால் அம்மன் பாட்டில் பம்பையும் உடுக்கையும் கைத்தட்டும் குலவையும் சேர்ந்த பிறகு அந்தச் சிலிர்ப்பு யார் காதிலும் விழாது. அதற்காக அதை வாங்க வேண்டாம் என்பது என் முடிவு.

அதே கம்பெனியின் ஈசிட்ரம்மர் 3, 2022-ல் வந்தது. பெர்லினின் ஹான்சா ஸ்டூடியோவில் பதிந்த ட்ரம்ஸ். அளவு சிறிது, விலையும் சுப்பீரியரில் பாதிக்கும் குறைவு. அதில் எனக்கு உண்மையாகவே பயன்பட்டது 'பேண்ட்மேட்'. கீபோர்டிலோ கிட்டாரிலோ வாசித்ததை அதற்குள் போட்டால், அதற்குப் பொருந்தும் தாளங்களைத் தேடி எடுத்து வைக்கும். மேற்கத்தியச் சாயலில் மெல்லிசைப் பாட்டுப் போடுகிறவருக்கு நேரம் மிச்சம். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். அடிக்டிவ் ட்ரம்ஸ் 2 இன்னும் லேசானது. வேண்டிய கிட்டை மட்டும் தனியாக வாங்கலாம். அதன் ஓசை ஏற்கெனவே மிக்ஸ் செய்தது போல் முன்னால் வந்து நிற்கும். மறுநாள் காலையில் பாட்டைக் கொடுத்தாக வேண்டிய அவசரத்தில் அது கைகொடுக்கும். பி.எஃப்.டி. 3 சிம்பல் ஓசை தேய்ந்து முடியும் வரை பொறுமையாகக் கேட்கிறவர்களுக்கு. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. லாஜிக்கில் 2013 முதல் 'ட்ரம்மர்' இருக்கிறது, கராஜ்பேண்டில் அது இலவசம். திரையில் ஒரு புள்ளியை நகர்த்தினால் வாசிப்பு எளிமையாகவோ சிக்கலாகவோ, மெதுவாகவோ பலமாகவோ மாறும்.

இலவச வரிசையில் எம்.டி. பவர் ட்ரம் கிட் 2-ம், ஸ்டீவன் ஸ்லேட் ட்ரம்ஸின் இலவசப் பதிப்பும் தொடக்கத்துக்குப் போதும். லினக்ஸ் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஹைட்ரஜனும் ட்ரம்கிஸ்மோவும் உண்டு. இரண்டும் திறந்த மூலம். எங்கள் பக்கம் அதிகம் புழங்கும் எஃப்.எல். ஸ்டூடியோவில் தனி ட்ரம்ஸ் மென்பொருள் இல்லாமலே சாம்பிள்களைக் கட்டம் கட்டமாக அடுக்கித் தாளம் அமைத்துவிடலாம். ஒருமுறை வாங்கினால் புதிய பதிப்புகள் வாழ்நாள் முழுக்க இலவசம் என்பதால் ஏழை மாணவனுக்கும் அது கட்டுப்படியாகும்.

நானே ஒரு சோதனை செய்தேன். நண்பர் ஒருவர் பேடில் வாசித்த பதினாறு ஆவர்த்தனத்தை மிடியாகப் பதிந்து, அதே செய்தியை ஐந்து மென்பொருளுக்கு அனுப்பினேன். கிக்குக்கு 36, ஸ்னேருக்கு 38, மூடிய ஹை-ஹாட்டுக்கு 42 என்ற பொது எண் வரிசை இருப்பதால் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. தனியாகக் கேட்டபோது ஐந்தும் ஐந்து ஓசை. குரலும் கீபோர்டும் பேஸும் சேர்ந்த பாட்டுக்குள் வைத்துக் கேட்கச் சொன்னபோது, கேட்ட நண்பர்களால் இலவசம் எது, விலை கொடுத்தது எது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் அதே தாளத்தை நான் மவுஸால் குத்தி அமைத்த ஆறாவது பதிவை எல்லோரும் உடனே கண்டுபிடித்தார்கள், அதில் ஓசைக்குப் பயன்படுத்தியது இருப்பதிலேயே விலை கூடிய மென்பொருளாக இருந்தும். வாசித்த கை அங்கே இல்லை.

ஆகவே புதிதாகத் தொடங்குகிற தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது இதுதான்: மென்பொருளுக்கு வைத்திருக்கும் காசில் பாதியை ஒரு சின்ன பேடுக்கோ, பலத்தை உணரும் கீபோர்டுக்கோ போடுங்கள். விரலால் தட்டி உள்ளே அனுப்புங்கள். அப்படித் தட்டும்போது ஒரு சிக்கல் வரும்: தட்டியதற்கும் ஓசை கேட்பதற்கும் இடையே தாமதம். கணினி ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை துளியாக அள்ளுகிறது என்பதைப் பொறுத்தது அது. 1,024 துளி என்று வைத்தால், நொடிக்கு 44,100 துளி என்ற வேகத்தில் 23 மில்லிநொடி. ஓசை காற்றில் எட்டு மீட்டர் கடக்க ஆகும் நேரம். மண்டபத்தின் அந்தக் கோடியில் தவில்காரர் நிற்க, இந்தக் கோடியில் நின்று சேர்ந்து வாசிப்பதைப் போல. 256 என்று குறைத்தால் 6 மில்லிநொடிக்குள் வந்துவிடும். தவில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும். அதுதான் மேடைத் தூரம்.

இது வரைக்கும் மேற்கத்திய ட்ரம்ஸ். சிதம்பரத்தில் நிலவரம் வேறு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. மிருதங்கமும் தவிலும் அங்கே பாடம். ஊர் நடுவில் நடராசர் கோயில். கோபுரங்களின் உள்பக்கம் நூற்றெட்டுக் கரணங்கள். ஆடும் பெண்ணின் பக்கத்தில் சின்ன உருவமாக முழவு வாசிக்கிறவரும் இருப்பார். 1981-லிருந்து சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி. அங்கே வந்து ஆடும் குழுக்கள் எல்லாமே பக்கவாத்தியக்காரர்களை அழைத்து வர முடிவதில்லை; பதிவு செய்த இசைக்கு ஆடுகிறவர்கள் உண்டு. பயிற்சிக்கோ எல்லோருக்கும் பதிவுதான். ஆகவே சிதம்பரத்து வீட்டு ஸ்டூடியோவைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் நடன ஆசிரியை. அவர் கேட்பது கிக்கும் ஸ்னேரும் அல்ல. "இந்த ஜதிக்கு மிருதங்கம் போட்டுத் தரணும், தீர்மானத்துல நட்டுவாங்கத்தோட ஒட்டணும்" என்பார். 230 ஜி.பி. தொகுப்பு அங்கே வாயடைத்து நிற்கும்.

இந்திய வாத்தியங்களுக்கென்று மென்பொருள்கள் இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்வர் சிஸ்டம்ஸின் ஸ்வர்பிளக்கில் மிருதங்கமும் கடமும் உண்டு. நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இந்திய வாத்தியங்களுக்கென்று ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. ரோலண்ட், யமஹா கீபோர்டுகளிலும் இந்திய ஓசைகள் வருகின்றன. அவசரத்துக்கு இவை உதவுகின்றன. பயிற்சிப் பதிவுக்கு நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் மிருதங்கத்தை ட்ரம்ஸைப் போல் நடத்தினால் மூன்று இடத்தில் அது கைவிட்டுவிடும்.

முதலாவது சுருதி. சாதாரணத் தோல் ஒன்றை இழுத்துக்கட்டி அடித்தால் அதன் மேலொலிகள் அடிப்படை ஒலிக்கு 1.59, 2.14, 2.30 மடங்கு என்று தாறுமாறாக வரும். அதனால்தான் ட்ரம்ஸுக்கு 'ஸா' என்று சொல்லும்படி ஒரு சுரம் நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருஞ்சோற்றைப் படிப்படியாக ஏற்றித் தேய்க்கிறார்களே, அந்தப் பாரம் மேலொலிகளை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதை 1920-ல் சி.வி.ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1934-ல் ராமன் இன்னும் விரிவாக எழுதினார். தோல் வாத்தியம் சுருதி பேசும் ரகசியம் அது. அதுவே சாம்பிளுக்குத் தொல்லை. ஒன்றரைக் கட்டையில் பதிந்த மிருதங்கத்தை ஐந்தரைக் கட்டைப் பெண் குரலுக்கு ஏற்ற வேண்டுமானால் ஏழு அரைச்சுரம் தூக்க வேண்டும். எளிய முறையில் தூக்கினால் பதிவு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஒரு நொடி நிற்கிற 'தீம்' முக்கால் நொடிகூட நிற்காது, விரல் படும் ஓசையும் மெலிந்து கிளிஞ்சல் தட்டுவது போலாகும். மேடையில் இதற்கு வழி தெரியும்: தக்கு மிருதங்கம் வேறு, எச்சு மிருதங்கம் வேறு. மென்பொருளிலும் இரண்டையும் தனித்தனியாகப் பதிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கும்கி. இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள். அடித்த கையோடு மணிக்கட்டின் அடிப்பாகத்தை அழுத்தித் தேய்க்க, நாதம் வளைந்து மேலேறும். அது ஓர் அடி அல்ல, ஒரு வாக்கியம். எவ்வளவு நேரம் வளைய வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைப் பாட்டு சொல்கிறது. தனித்தனியாக வெட்டிய சாம்பிளில் வளைவும் வெட்டுப்பட்டு உறைந்துபோகிறது. பிட்ச் சக்கரத்தை உருட்டி ஓரளவு ஒப்பேற்றலாம். தெரிந்த காது ஏமாறாது.

மூன்றாவது நடை. இசை மென்பொருளைத் திறந்ததும் கட்டங்கள் பெரும்பாலும் நாலாகவும், கேட்டால் மூன்றாகவும் பிரியும். கண்டநடைக்கு ஐந்து வேண்டும், மிஸ்ரத்துக்கு ஏழு. ஆதி தாளத்தில் சதுஸ்ரத்தில் போய்க்கொண்டிருந்து ஒரு ஆவர்த்தனம் மட்டும் கண்டத்துக்கு மாறித் திரும்புவது நடனத்தில் அன்றாடம் நடப்பது. நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் சதுஸ்ரத்தில் ஒரு மாத்திரை 167 மில்லிநொடி, கண்டத்தில் 133. சில மென்பொருளில் ஐந்தாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது; இல்லாதவற்றில் அந்த ஆவர்த்தனத்துக்கு மட்டும் தாளக் கணக்கையே மாற்றிப் போட வேண்டும். செய்யலாம். ஆனால் முடித்துக் கேட்டால் கணக்கு சரியாக இருக்கும், வாசிப்பு இருக்காது. வாசிக்கிறவர் மாறும் முன்பே அடுத்த நடையை நோக்கிச் சாய ஆரம்பித்துவிடுவார். அந்தச் சாய்வை நான் கட்டத்தில் வரைந்து பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

ஆறுதலான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி. சென்னையில் ஹேமா மூர்த்தியும் உடன் பணிபுரிந்தவர்களும் மிருதங்கச் சொற்களைக் கணினி அடையாளம் காண்பது பற்றி 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதை ஒட்டி உருவான ஒலித்தொகுப்பில் ஆறு சுருதிகளில், பத்து வகைச் சொற்கள், மொத்தம் 7,162 தனித்தனி அடிகள். ஆய்வுக்காகப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆய்வு செய்த மூவரில் ஒருவரான அக்ஷய் அனந்தபத்மநாபன் தாமே மிருதங்கக் கலைஞர். பம்பைக்காரர் கேட்ட கேள்விக்கு அந்தத் தொகுப்பில் பதில் இருக்கிறது.

மிருதங்கத்துக்காவது இவ்வளவு உண்டு. தவிலுக்கும் பறைக்கும் பம்பைக்கும் வரும்போது கை வெறுமையாகிறது. என் கணினியில் பல வருஷமாகச் சேர்ந்த கோப்புகளில் பறை 'எத்னிக்' என்ற உறைக்குள் கிடக்கிறது. ஒத்தையடியா, தெம்மாங்கு அடியா, சாமிச்சாட்டா என்று ஒரு குறிப்பும் இல்லை. அடிக்குச்சி எது, சுண்டுக்குச்சி எது என்று பிரித்துப் பதியவும் இல்லை. யார் வாசித்தது, எந்த ஊரில் என்பதும் இல்லை.

பதிவு செய்வதும் லேசல்ல. தவில் திறந்த வெளிக்கான வாத்தியம். பூவரசங்கழி தொப்பியில் விழும்போது சின்ன அறையின் சுவர்கள் திரும்பிக் கத்தும்; நுட்பமான கண்டென்சர் மைக்கைப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடைந்துபோகும். நான் மொட்டை மாடியில், சாதாரண டைனமிக் மைக் ஒன்றை ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம் தள்ளி வைத்துப் பதிகிறேன். வலந்தலையில் விரல்கூடு படும் 'டக்' தனியாக வர வேண்டும் என்பதால் மைக்கைக் கொஞ்சம் விளிம்பை நோக்கிச் சாய்ப்பேன். பறையைக் காய்ச்ச வைக்கோல் வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கடல்காற்று வீசும் மாலையில் காய்ச்சிய பறை இருபது நிமிடத்தில் தொய்ய ஆரம்பிக்கும். மறுபடி தீ மூட்ட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். தீக்கு முன்னால் ஒரு ஓசை, தீக்குப் பின்னால் ஒரு ஓசை. வாங்கிய எந்த மென்பொருளிலும் இதற்கு ஒரு பித்தான் பார்த்ததில்லை.

மரத்தையும் சொல்ல வேண்டும். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பலா. எங்கள் மாவட்டத்துப் பண்ருட்டிப் பலாதான் தஞ்சாவூர் வீணைக்கும் போகிறது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியோடு பலாவும் வேரோடு சாய்ந்தது. வாத்தியத்துக்கு ஆகும்படி வைரம் பாய்ந்த பலாவுக்கு ஒரு தலைமுறை வேண்டும். அந்த வருஷம் பண்ருட்டிச் சாலையில் விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். மென்பொருள் வந்ததால் மரமும் தோலும் இனி வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சாலைதான் ஞாபகம் வருகிறது.

இனி காசு. 1969-ல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு பதிந்த 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் ஆறு நொடி தனியாக ட்ரம்ஸ் வாசித்தார். அந்த ஆறு நொடியை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகள் உருவாயின. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006-ல் வீடில்லாதவராக இறந்தார். பிறகு 2015-ல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்ட் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. கோல்மன் அப்போது இல்லை. நம் ஊரில் மிருதங்கம் செய்கிற கைகளின் பெயர் மேடையில் சொல்லப்படாமலே போனதை டி.எம்.கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமாகவே எழுதினார். செய்கிற கைக்கு அந்த நிலை என்றால், ஒருநாள் கூலிக்கு வந்து நூறு அடி அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற பறைக்காரரின் கைக்கு யார் கணக்கு வைப்பது? அவருடைய அடி ஒரு கோப்பாகி ஊர் ஊராகப் போகும். எந்தப் பாட்டில் வருகிறது என்று அவருக்கே தெரியாது. அடுத்த வருஷம் அதே பாட்டுக்காரர் 'சாம்பிள் இருக்கே' என்று அவரை அழைக்காமல் விட்டுவிடவும் செய்யலாம். இது எனக்கு உறுத்துகிறது. நானும் அப்படி அழைக்காமல் விட்டிருக்கிறேன்.

அதனால் பம்பைக்காரரை மறுபடி அழைத்தேன். இந்தத் தடவை பாட்டுக்காக அல்ல, அடிகளுக்காக. காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். ஒன்பது வகை அடி. ஒவ்வொன்றும் நாலு பலத்தில். ஒவ்வொரு பலத்திலும் ஆறு தடவை. 216 அடி. ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஓசை முழுக்க அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். காகம் கத்தினால் திரும்ப. ஸ்டேஷனில் ரயில் ஹாரன் அடித்தால் திரும்ப. "மெதுவா அடிக்கிறதுதான் தம்பி கஷ்டம்" என்றார் நடுவில். ஒரு மணிக்கு முடிந்தது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்: இந்த அடிகளை நான் என் பாட்டுகளில் பயன்படுத்தலாம், பயன்படுத்தும் ஒவ்வொரு பாட்டுக்கும் அவருக்கு ஒரு தொகை, வேறு யாருக்கும் கொடுப்பதானால் அவரைக் கேட்க வேண்டும். கோப்புறைக்கு அவர் பெயரை வைத்தேன்.

அடுத்த ஆடிக்கு அந்த 216 அடிகளை வைத்து ஒரு பாட்டின் தாளத்தை முழுக்க அமைத்து, அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனை மாட்டினார். முகம் மலர்ந்தது.

"என் கைதான்."

கொஞ்சம் பொறுத்து, சரணம் தொடங்கும் இடம் வந்ததும் ஒரு விரலை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"ஆனா இந்த எடத்துல நான் இப்புடி அடிக்க மாட்டேன். அம்மா எறங்குற எடம் இது. இங்க கைய விட்டுப்புட்டு, அப்பறம்தான் வரணும்."

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து குச்சியை எடுத்தார். நான் மைக்கைத் திறந்தேன்.